வயல்ல வாத்து இறங்கியிருக்கு, நாட்டுக்கோழியை வித்துடவா?

கம்பத்துக்காரி:
வீட்டுக்குப் பின்னாடியே வயல். அறுப்பு முடிஞ்சதும் வாத்து மேய்க்கிறவங்க கூட்டமா இறக்கியிருக்காங்க. என் கோழிகளும் அதே வாய்க்கால்லதான் தண்ணி குடிக்குது. 2024 ஏப்ரல்ல ஆலப்புழை எடத்துவா, செறுதனைப் பக்கம் வாத்துக்குப் பறவைக் காய்ச்சல்னு உறுதியானதுல இருந்தே எனக்கு வாத்தைக் கண்டா பயம். இதுக நல்லாத்தான் நடமாடுது. அத்தை, "எதுக்கு வம்பு, சந்தையில தள்ளிவிடு"ங்கிறாங்க. மூணு பெட்டை அடையில இருக்கு, மனசு வரல. லசோட்டா தடுப்பு மருந்து போட்டிருக்கேன், தாங்குமா?

சேவல்பிரியன்:
லசோட்டா வெள்ளைக் கழிச்சலுக்குத்தாங்க. பறவைக் காய்ச்சலுக்கு அது உதவாது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
அம்மா, வாத்து நல்லா நடமாடுதுன்னு நம்பிடாதீங்க. நோவே காட்டாம எச்சத்துல வைரஸைக் கழிக்கிற வாத்து உண்டு. அந்தத் தண்ணியைக் குடிக்கிற கோழிதான் திடுதிப்புன்னு கூட்டமா விழும். அதனால வாய்க்கால் பக்கமே விட வேண்டாம். வாத்துக் கூட்டம் கிளம்பிப் போனாலும் ரெண்டு மூணு வாரம் அடைச்சே வைங்க. குழாத்தண்ணி கொடுங்க. இரையைக் கூரைக்கு அடியில வைங்க, காக்காயும் கொக்கும் வாய் வைக்கக் கூடாது. வயலுக்குப் போட்ட செருப்போட கூண்டுக்குள்ள நுழையாதீங்க, அங்கே தனிச் செருப்பு வேணும். இதைத்தான் நம்ம ஆளுங்க யாரும் செய்யறதில்ல.

விக்கிறதுக்கு இப்போ அவசியம் இல்ல. சந்தைக்குப் போய் விக்காம மிஞ்சின கோழியைத் திரும்பக் கொண்டுவந்து கூட்டத்துல விடறதுதான் பெரிய ஆபத்து.

கம்பத்துக்காரி:
ஐயா, ஒண்ணு ரெண்டு செத்தா, அது கழிச்சலா காய்ச்சலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
கண்ணால பிரிக்க முடியாதும்மா. கொண்டை நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், கால்ல ரத்தம் கட்டும்னு சொல்வோம். எதுவுமே காட்டாமலும் சாகும். மாதிரி எடுத்து போபால் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் உறுதி பண்ணுவாங்க. ஒரே நேரத்துல நாலஞ்சு விழுந்தா உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லைன்னா 1962க்குப் போன் போடுங்க. செத்ததை வெறுங்கையால தொடாதீங்க, வாய்க்கால்ல வீசாதீங்க, பூனைக்கும் போடாதீங்க, பூனைக்கும் பரவுது. சொன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்கன்னு பயந்து மறைக்கிறவங்க நிறைய. நோய் உறுதியானா சுத்தி 1 கிலோமீட்டர்ல அழிக்கிறது உண்மைதான். ஆனா அரசு அழிக்கிற கோழிக்கு இழப்பீடு உண்டு, தானா செத்ததுக்குக் கிடையாது. சீக்கிரம் சொல்றதுதான் உங்களுக்கும் லாபம்.

ரெண்டு_குழந்தை_அம்மா:
முட்டை கொடுக்கலாமா ஐயா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
கோழி நல்லா இருந்தா தாராளமா கொடுங்க, முழுசா வேகட்டும். அரைவேக்காடு வேண்டாம். 70 டிகிரி சூடு உள்ள வரைக்கும் ஏறினா வைரஸ் செத்துடும். நோவுக் கோழியை அறுத்து, இறகு பிடுங்கறப்போதான் மனுசருக்கு ஆபத்து. பிள்ளைங்களைக் கூண்டு கூட்ட அனுப்பாதீங்க.