உதகையில் பருப்பு வேகாததற்கு யார் காரணம்?

தோட்டக்காரன்:
சேரிங்கிராஸ் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாம்பார்ப் பருப்பு நறநறவென்று இருந்ததாம். "கொதிநிலை தெரியாதவர்கள் மலையில் கடை போடக் கூடாது" என்று நம் உதகை வாத்தியார் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். சமைக்கப் பட்டம் வேண்டுமா?

கேத்தி மருமகள்:
என் மாமியார் 50 வருஷமாக இங்கே அடுப்படியில் நிற்கிறார். அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறப்போடுவார். சட்டியை மூடி, மூடிமேல் தண்ணீர் ஊற்றி வைப்பார். உள்ளே வற்றினால் அந்தச் சுடுதண்ணீரைத்தான் ஊற்றுவார். கொதிநிலை என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஊர் நிலம் என்று கேட்பார்.

உதகை வாத்தியார்:
காரணம் தெரியாமல் செய்வது பழக்கம், அறிவு அல்ல. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் கொதிநிலையும் இறங்குகிறது, 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி. உதகை 2240 மீட்டர். ஆகவே தண்ணீர் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது.

குன்னூர்க் குளிர்:
போன வாரம் 93 என்றீர்களே?

உதகை வாத்தியார்:
முழு எண்ணாகச் சொன்னேன்.

குன்னூர்க் குளிர்:
அப்போ 92 ஏன் இல்லை?

மேட்டுப்பாளையம் மணி:
சாம்பாருக்குப் புளியை முன்னாலேயே கரைத்து ஊற்றியிருப்பார்கள். புளி விழுந்துவிட்டால் எங்கள் ஊரிலும்தான் பருப்பு லேசில் வேகாது.

உதகை வாத்தியார்:
92.5 என்பதில் மாற்றமில்லை. குக்கரும் தப்பாது. வெயிட் கூட்டித் தருவது ஒரே அளவு அழுத்தம்தான். வெளிக்காற்று இங்கே குறைவு என்பதால் உள்ளே கீழ்நாட்டைவிட நாலைந்து டிகிரி குறையும்.

கேத்தி மருமகள்:
சரி, எத்தனை விசில் விடணும்?

உதகை வாத்தியார்:
விசில் என்பது ஓர் அலகே கிடையாது அம்மா.

கேத்தி மருமகள்:
எங்கள் வீட்டில் அதுதான் அலகு. கோயம்புத்தூரில் மூன்று, இங்கே ஐந்து.

தோட்டக்காரன்:
இவர்தானே போன டிசம்பரில் "மேகம் இருக்கிறது, உறைபனி விழாது" என்றவர்? நடுராத்திரி வானம் வெளுத்துவிட்டது. காலையில் என் உருளைக்கிழங்குச் செடி முழுக்கக் கருகிக் கிடந்தது.

உதகை வாத்தியார்:
மேகம் கலைந்தால் தரைச்சூடு மேலே போய்விடும் என்று அதே பதிவில் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. படிக்காதது என் குற்றமா?

தோட்டக்காரன்:
பனிக்குப் பத்தி தெரியுமா?

குன்னூர்க் குளிர்:
93ஐ 92.5 ஆக்கியவர்தானே, பனியையும் அரை டிகிரி தள்ளிவைத்திருக்கலாம்.

உதகை வாத்தியார்:
குன்னூர்க்காரர் உறைபனி பற்றிப் பேசுகிறார், காலம்!

குன்னூர்க் குளிர்:
1850 மீட்டர் மலை இல்லையா? உங்கள் உருளைக்கிழங்கு எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்குகிறது.

உதகை வாத்தியார்:
உங்களுக்கு 93.8. போய்க் காப்பி போடுங்கள்.

மேட்டுப்பாளையம் மணி:
அந்தப் புளி...

உதகை வாத்தியார்:
92.5.