மறு: நோ-கோடுக்குத் தமிழ்ச் சொல் – ‘நிரலிலா’ வேண்டாம், ‘எழுதா நிரலாக்கம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நோ-கோட், அதாவது நிரல் வரிகளை எழுதாமலே செயலி செய்யும் முறை, அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். நிரலிலா, குறிமுறையற்ற, வரியில்லா, பயனர் நிரலாக்கம் என நான்கு கண்ணில் பட்டன. மாலை வகுப்பொன்றில் புதியவர்களுக்குச் சிறு செயலிகள் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். படிவம், அட்டவணை, விதி ஆகியவற்றைத் திரையில் இழுத்து வைத்துச் செய்கிற வகை. வருகிறவர்களில் பலர் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. முதல் நாள் பலகையில் என்ன பெயரை எழுதுகிறேனோ அதை வைத்துத்தான் இது என்ன வேலை என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை அவசரமாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

> நிரலிலா மேம்பாடு என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, சொல்லவும் எளிது.

நேராக இருப்பது உண்மைதான். ஆனால் நிரல் என்றால் என்ன? வரிசை, ஒழுங்கு. பள்ளியில் நிரல்நிறை படித்திருப்போம்: சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கு உரியவற்றை இன்னொரு வரிசையிலும் நிறுத்தி, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று பொருத்திப் பொருள்கொள்வது. கணினிக்குத் தரும் கட்டளைகளும் வரிசையால்தான் பொருள் பெறுகின்றன. புரோகிராமுக்கு நிரல் என்ற சொல் அவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் அதுதான். அப்படியிருக்க, நிரலிலா என்றால் வரிசை இல்லாதது என்றாகிவிடுகிறது. புதியவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயமே வரிசைதானே?

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் புத்தக இரவல் செயலி செய்தார். இரவல் போன புத்தகம் தவணையைத் தாண்டி 7 நாளுக்கு மேல் ஆனால் வாங்கியவருக்கு நினைவூட்டல் போக வேண்டும். 30 நாளுக்கு மேல் ஆனால் பொறுப்பாளருக்குச் செய்தி போக வேண்டும். இரண்டு விதிகளையும் அதே வரிசையில் வைத்தார். அவர் பயன்படுத்திய கருவி மேலிருந்து கீழே வரும், பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். 45 நாள் தாண்டிய புத்தகம் 7 நாளையும் தாண்டியதுதான் இல்லையா? முதல் விதியே பொருந்திவிட்டது. பொறுப்பாளருக்கு ஒரு செய்தியும் போகவில்லை.

விதிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும், அரை நிமிட வேலை. ஆனால் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறத்தையும் பொத்தானையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையை மட்டும் பார்க்கவில்லை. கேட்டபோது, “இதில்தான் நிரலே கிடையாதே, பிறகு எதைச் சரிபார்ப்பது?” என்றார். அன்று பலகையில் நான் எழுதி வைத்திருந்த பெயர் ‘நிரலில்லாச் செயலி’. தவறான இடத்தில் தேட அவரை அனுப்பியது நான் வைத்த பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதே போன்றவை வேறு சிலவும் உண்டு. இரவல் வாங்கியவர் பெயரைப் புத்தகத்தின் பதிவிலேயே ஒரு புலமாக வைத்துவிடுவார்கள். அடுத்தவர் வாங்கும்போது முதலாமவர் பெயர் அழிந்துவிடும். இரவலுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்பது பிறகுதான் புரியும். ‘பதிவு மாறினால் இதைச் செய்’ என்று ஒரு விதி வைத்து, அந்த விதியே அதே பதிவை மாற்றும்படி அமைத்துவிடுவார்கள். மாற்றம் விதியைக் கிளப்ப, விதி மாற்றத்தைக் கிளப்ப, அது ஓயாது சுற்றும். இவையெல்லாம் நிரலருக்கு வரும் பிழைகளேதான். இழுத்து வைப்பதால் நமக்குக் குறைகிறது தட்டச்சு. யோசனை அப்படியே இருக்கிறது.

> அப்படியானால் ‘குறிமுறையற்ற’ சரிதானே? கோட் என்பதற்குக் குறிமுறை என்றுதானே சொல்கிறோம்?

நிரலிலா என்பதைவிட இது நல்ல சொல். இல்லாமல் போவது எது என்று துல்லியமாகச் சொல்கிறது. ஆனாலும் இரண்டு தயக்கங்கள் எனக்கு. ஒன்று, குறிமுறையைப் பார்த்தேயிராதவரிடம் ‘அது இல்லாதது இது’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கட்டற்ற மென்பொருள் என்ற சொல் நிலைத்ததற்குக் காரணம், கட்டு என்றால் என்னவென்று கேட்பவருக்கு முன்பே தெரியும்.

இரண்டாவது, எதைக் குறிமுறை என்பது என்பதே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி வந்தபோது அதைத் தானியங்கிக் குறிமுறையாக்கம் என்றுதான் அறிமுகம் செய்தார்கள். பொறிக்கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி வந்தவர்களுக்கு, சூத்திரத்தைச் சூத்திரமாகவே எழுதினால் போதும் என்பது குறிமுறை வேலையே ஒழிந்த மாதிரி இருந்திருக்கும். இன்று ஃபோர்ட்ரானைக் குறிமுறை இல்லை என்று யாராவது சொல்வார்களா? ‘இல்லாதது’ என்று வைக்கிற பெயருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கம்பியில்லாத் தந்தி என்றுதான் முதலில் சொன்னோம். அப்புறம் வானொலி வந்தது. அதில் கம்பியைப் பற்றிய பேச்சே இல்லை.

> வரியில்லா நிரலாக்கம்?

வரி என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது அரசுக்குக் கட்டுவதுதான். வேண்டாம்.

> பயனர் நிரலாக்கம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, அதை விட்டுவிடவும் கூடாது. 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்தார்கள். கணக்கு எழுதுபவர்கள் தாளின் ஒரு கட்டத்துக்குள் சூத்திரம் வைத்து, அதை நம்பி அடுத்த கட்டத்துக்குள் இன்னொரு சூத்திரம் வைத்து வேலை செய்தார்கள். தங்களை நிரலர் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளவில்லை, ஆனால் செய்தது நிரலாக்கம். அதற்குப் பயனர் நிரலாக்கம் மிகப் பொருத்தம். ஆனால் அது யார் செய்கிறார் என்பதைச் சொல்கிறது, எப்படிச் செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. விரிதாளில் மேக்ரோவை, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பை, வரி வரியாக எழுதும் கணக்காளரும் பயனர் நிரலாக்கம்தான் செய்கிறார். ஆகவே இரண்டும் இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

இனி என் பரிந்துரை: எழுதா நிரலாக்கம்.

இதுவும் எதிர்மறைச் சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே எதிர்மறை எழுதுவதன்மேல் விழுகிறது, நிரல்மேல் விழவில்லை. ‘நீங்கள் நிரலாக்கம் செய்கிறீர்கள், எழுதாமல் செய்கிறீர்கள்’ என்று புதியவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறது. அணையா விளக்கு, வாடா மலர் மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வேதத்தை ‘எழுதாக் கிளவி’ என்ற பழைய வழக்கும் நமக்கு உண்டு. அடுத்து ‘ந’ வரிசை எழுத்து வருவதால் ஒற்று மிகாது. எழுதாச் செயலி என்று மட்டும் சுருக்க வேண்டாம். எழுதும் வேலையைச் செய்யாத செயலி என்றும் பொருள்படும். கருவியைச் சொல்ல வேண்டுமானால் எழுதா நிரலாக்கக் கருவி எனலாம்.

ஸ்கிராட்ச் (2007), கூகுளில் தொடங்கி அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன ஆப் இன்வென்டர் (2010) போன்ற, திரையில் கட்டைகளைப் பொருத்திச் செய்பவையும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். நோ-கோட் என்று எல்லோரும் சொல்வதைவிட நம் சொல் சற்று அகலமாகிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கட்டைகளைப் பொருத்துகிற குழந்தையிடம் அது நிரலாக்கம் இல்லை என்று நாம் சொல்வதில்லையே. பெரியவர்களிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

எழுதா என்பது முழு உண்மையும் அல்ல. பெரும்பாலான கருவிகளில் எங்கேயாவது ஒரு சூத்திரத்தைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டியிருக்கும். அங்கிருந்து தொடங்குவதுதான் லோ-கோட். ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. அதற்குக் குறைநிரல் என்று ஒருவர் எழுதியிருந்தார். குறையுள்ள நிரல் என்று தொனிக்கிறது. சிலவரி நிரலாக்கம் எனலாமா? வரி இங்கே ‘சில’ என்பதோடு ஒட்டி வருவதால் மயக்கம் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் அவ்வளவு உறுதியாக இல்லை.

வினைச்சொல்லும் ஒன்று வேண்டும். செயலியை ‘உருவாக்கு’, ‘மேம்படுத்து’ என்றே சொல்லி வருகிறோம். கையால் என்ன செய்கிறோம் என்பது அதில் தெரிவதில்லை. வகுப்பில் நான் ‘கோப்பது’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். மணிகளை நூலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது போல. “இந்த விதியை எதற்குப் பின்னால் கோத்தீர்கள்?” என்று கேட்டால் பார்வை உடனே வரிசைக்குப் போகிறது. கோர்ப்பது என்று எழுத வேண்டாம், கோப்பதுதான் சரி. பெயர்ச்சொல்லாக்கும்போது மட்டும் கோப்பு என்று ஆக்காமல் கோத்தல் என்றே வைக்க வேண்டும், கோப்பு ஏற்கெனவே ஃபைலுக்குப் போய்விட்டது.

அடுத்த குழுவுக்கான பாடக் குறிப்பில் எழுதா நிரலாக்கம், கோத்தல் இரண்டையும் போட்டுவிட்டேன். சிலவரி என்பதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.