மாடல் வேலையில் எடை நிபந்தனை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குப் புடவை மாடலாக இருக்கிறாள். உயரம் 170 செ.மீ., எடை 50 கிலோ. உடல் நிறை குறியீடு 17.3 வருகிறது, உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. ஒருங்கிணைப்பாளரோ இன்னும் மூன்று கிலோ குறைத்தால்தான் அடுத்த படப்பிடிப்பு என்கிறார். இத்தனைக்கும் ரவிக்கை தொளதொளவென்று நிற்பதால் முதுகுப்புறம் வரிசையாகக் கிளிப் போட்டுத்தான் படம் எடுக்கிறார்கள்! மாதவிலக்கு நின்றுபோயிருக்கிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. வீட்டு வாடகையே அவள் வருமானத்தில்தான் என்பதால், விட்டுத் தொலை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இஸ்ரேலில் 18.5-க்குக் குறைந்தவர்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று 2012-இல் சட்டமே போட்டார்கள். பிரான்ஸில் 2017 முதல் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இங்கே யாரிடம் முறையிடுவது?

இத்துறையில் இருப்பவர்கள், ஒப்பந்தத்தில் எடை நிபந்தனையை எப்படி நீக்க வைத்தீர்கள்? எடை கூடினாலும் வேலை தரும் இடங்கள் உண்டா? சென்னையில் பொறுமையாகப் பேசும் உணவியல் நிபுணர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். சத்துமாவு டப்பா விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து வராதீர்கள்.