பொருள்: ‘லாங்கேஸ் கிளாக்’குக்கு என்ன சொல்வது? திங்கள் காலைக்குள் வேண்டும்

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய இங்கிலாந்துக் கடிகாரங்களையும் அவற்றைச் செய்தவர்களையும் பற்றிய ஒரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளர் திங்கள் காலை கேட்கிறார். அட்டையில் வர வேண்டிய சொல்லே இன்னும் அமையவில்லை.

ஆளுயரத்துக்கும் மேலான மரக்கூட்டுக்குள் எடைகளும் ஊசலும் தொங்க, தரையில் நிற்கும் கடிகாரம் அது. இணையத்தில் ‘தாத்தா கடிகாரம்’ என்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அந்த ஆங்கிலப் பெயர் 1876-இல் ஹென்றி கிளே வொர்க் என்ற அமெரிக்கர் எழுதிய பாட்டால் பரவியது. என் நூலிலோ தாமஸ் டாம்பியன் 1680-களில் லண்டனில் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயில் தாத்தாவை எப்படி வைப்பது?

கூடவே, ஊசல் ஆட ஆடச் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் ‘எஸ்கேப்மென்ட்’ என்ற உறுப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.

கோவை, பொறியாளர்

தாத்தா கடிகாரமே இருக்கட்டும். சொன்னதும் கண்முன் வருகிறது, விளக்கம் தேவையில்லை. பெயர் பிந்தி வந்தது என்பது ஒரு குறையா? முதல் உலகப் போர் நடந்தபோது அந்தப் பெயர் பரவலான வழக்கில் இல்லை. இன்று அப்படித்தானே எழுதுகிறோம்? வாசகர் கடிகாரத்தைப் பற்றிப் படிக்க வருகிறார். முதல் வரியிலேயே அகராதியைத் தேட வைத்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ‘கடிகாரம்’ என்ற சொல்லையே பார்க்க வேண்டும். கடிகை + ஆரம் என்று பிரித்து முழுத்தமிழ் என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடிகை வடமொழிக் கடத்திலிருந்து வந்தது. நீரில் மிதந்து, துளை வழியே நிரம்பி, மூழ்கி நாழிகை காட்டிய சிறுகுடம் அது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். நமக்கென்று முல்லைப்பாட்டில் ‘குறுநீர்க் கன்னல்’ என்ற நீர்க்கடிகாரம் இருக்கிறது. பாசறையில் அரசனுக்குப் பொழுது அளந்து சொன்னவர்களைப் ‘பொய்யா மாக்கள்’ என்கிறார் புலவர். நேரம் சொல்பவனுக்கு இதைவிட உயர்ந்த அடைமொழி உண்டா? சிலப்பதிகாரத்தில் நாழிகைக் கணக்கர் புகாரின் தெருவிலேயே குடியிருக்கிறார்கள்.

கன்னலை மீட்போம். கூட்டுக்குப் பேழை. ‘நெடும்பேழைக் கன்னல்’ என்பது என் பரிந்துரை.

டொரன்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்

பேராசிரியர் ஐயா, கன்னல் என்றால் இன்று கரும்புதான் நினைவுக்கு வரும். பேழையும் நெடியதாக இருந்தால் பிரேதப் பெட்டியைத்தான் நினைப்பார்கள்.

நாங்கள் கடிகாரம் என்று கதைப்பதே குறைவு. சுவரில் இருப்பது சுவர் மணிக்கூடு, கையில் கட்டுவது கைமணிக்கூடு. மணி அடிக்கும் கூடு என்று சொல்லிலேயே கிடக்கிறது. கூடு நீண்டால் ‘நெடுமணிக்கூடு’. புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை, ஓர் அடையைச் சேர்த்தால் போதும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் மணிக்கூடு உண்டு. ஆகவே இதை ஈழத்துச் சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கோவை, பொறியாளர்

அக்கா, சொல் அழகு. ஆனால் இங்கே மணிக்கூண்டு என்றால் ஊர் நடுவில் நிற்கும் கோபுரம். ‘நெடுமணிக்கூடு’ என்று அட்டையில் போட்டால் பாதிப் பேர் கோபுரத்தைப் பற்றிய நூல் என்றுதான் எடுப்பார்கள். தாத்தா வேண்டாம் என்றால் ‘நெட்டூசல் கடிகாரம்’ என்போம். நீண்ட ஊசல்தானே அதன் அடையாளம்?

காரைக்குடி, இயற்பியல் ஆசிரியர்

நெட்டூசலை ஏற்க முடியவில்லை. வரலாறு இடிக்கிறது.

டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். ஹேக் நகரில் சாலமன் கோஸ்டர் அதைச் செய்து விற்றார். லண்டனில் அகாசுவரஸ் ஃப்ரோமன்டீல் 1658-இல் அத்தகைய கடிகாரங்களுக்கு விளம்பரம் கொடுத்தார். அவற்றில் இருந்தது குட்டை ஊசல். அதுவும் பெரிய கோணத்தில் வீசும். நெடிய கூடு அப்போதே வந்துவிட்டது! எடைகள் தொங்க இடம் வேண்டும், தூசியும் கையும் படக்கூடாது, அதற்காகத்தான் கூடு. சுமார் 1670-இல் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் வந்தது. வில்லியம் கிளெமென்ட், ஹூக், ஜோசப் நிப் மூவரில் யாருக்குப் புகழ் என்று இன்றும் வழக்கு ஓயவில்லை. வீச்சு சில பாகைக்குள் அடங்கியதும் ஒரு வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கும் ஏறத்தாழ 99.4 செ.மீ. நீள ஊசல் அதே கூட்டுக்குள் ஆட முடிந்தது. கூடு முந்தியது, நெட்டூசல் பிந்தியது.

டாம்பியன் 1676-இல் கிரீனிச் வான்காணகத்துக்குச் செய்த இரண்டு கடிகாரங்களுக்கு 13 அடி ஊசல். அது இயந்திரத்துக்கு மேலே தொங்கியது; கடிகாரங்கள் சுவர்ப் பலகைக்குப் பின்னால் இருந்தன. நெட்டூசல் உண்டு, தனியாக நிற்கும் கூடு இல்லை. பெயரை ஊசலில் கட்டினால் இப்படித்தான் சிக்கும்.

என் பரிந்துரை ‘நிலைக்கடிகாரம்’. நிலைக்கண்ணாடி எல்லோருக்கும் தெரியும். பீரோவை நிலைப்பேழை என்றும் எழுதுகிறார்கள். தரையில் தானே நிற்கும் உயரமான பொருளுக்கு நாம் வைக்கும் அடைமொழி அதுதான்.

எஸ்கேப்மென்ட் ஒன்றும் தப்பி ஓடுவதில்லை. ஊசலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சக்கரத்தைப் பிடித்து, விட்டு, ஊசலுக்கு ஒரு சிறு உந்தும் கொடுக்கிறது. 30 பல் சக்கரம். ஒரு பல்லுக்கு இரண்டு ‘டிக்’. ஆக நிமிடத்துக்கு ஒரு சுற்று. நொடிமுள்ளை அதன் அச்சிலேயே மாட்டிவிடலாம். இந்த அமைப்பை வகுப்பில் விளக்கும்போது பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ‘விடுவிப்பி’ என்றே சொல்லித் தருகிறேன், புரிகிறது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

விடுவிப்பியை ஏற்கிறேன். நிலைக்கடிகாரத்தை ஏற்க மனம் ஒப்பவில்லை. கண்ணாடி நிற்பதில் பிழையில்லை. கடிகாரம் நின்றால் அது கெட்டுப்போனது என்று பொருள். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட பொருளுக்கு ‘நிலை’ என்று பெயரிடுவது முரண்.

கூட்டை வைத்து ‘நெடுங்கூட்டுக் கடிகாரம்’ எனலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டித்துக் ‘கூட்டு’ ஆகிறது. உடனே கூட்டுக்குடும்பம், கூட்டுறவு எல்லாம் உள்ளே நுழைகின்றன. புணர்ச்சி விதி பொருளை விழுங்கும் இடம் இது. ஆகவே கன்னலில் உறுதியாக நிற்கிறேன்.

இன்னொன்று: ‘கிளாக்மேக்கர்’ என்பதற்குக் ‘கடிகாரக் கம்மியர்’ என்று எழுதுங்கள். கம்மியர் பழஞ்சொல், உலோகத் தொழிலருக்குப் பொருந்தும். டாம்பியன் பெட்ஃபோர்டுஷயர்க் கொல்லர் மகன் அல்லவா.

காரைக்குடி, இயற்பியல் ஆசிரியர்

ஐயா, ஜான் ஹாரிசன் தச்சர். 1713-இல் அவர் செய்த கடிகாரம் இன்றும் இருக்கிறது. அதன் சக்கரங்கள் ஓக் மரம். அவரைக் கம்மியர் என்றால் அவருடைய அருமையே மறைந்துபோகும். முறையான கல்வி இல்லாத ஒரு கிராமத்துத் தச்சர் மரத்தில் அந்தத் துல்லியத்தை எட்டியதுதான் வியப்பு. கூட்டைச் செய்தவர்களோ வேறு ஆட்கள், மரச்சாமான் தச்சர்கள். 1772-இல் பர்மிங்காமில் வண்ணம் பூசிய முகப்புகள் விற்பனைக்கு வந்த பிறகு, முகப்பில் இருக்கும் பெயர் பல நேரம் விற்றவர் பெயர்தான். ‘கடிகாரம் செய்தவர்’ என்று வெறுமனே எழுதுவதே பத்திரம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. இது ஞாயிறு இரவு, மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும்.

‘நிலைக்கடிகாரம்’ என்று வைத்துக்கொள்கிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் அந்தப் பக்கம். பேராசிரியர் ஐயாவின் மறுப்பை மறக்கவில்லை. ‘நின்ற கடிகாரம்’ என்ற தொடர் வரும் இரண்டு இடங்களை ‘ஓடாத கடிகாரம்’ என்று மாற்றிவிட்டேன். எஸ்கேப்மென்ட் விடுவிப்பி, ஆங்கர் வகை நங்கூர விடுவிப்பி. தொழிலுக்குக் ‘கடிகாரம் செய்தவர்’. ஹாரிசன் இயலில் மட்டும் தச்சர். தாத்தா கடிகாரம் பின்னட்டையில் ஒரு முறை வரும், 1876 கதையோடு.

டொரன்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்

நல்லது தம்பி. அருஞ்சொற்பட்டியலில் நிலைக்கடிகாரத்துக்கு எதிரே நெடுமணிக்கூட்டையும் போட்டுவிடுங்கள். நான் எழுதும் இடங்களில் அதைத்தான் எழுதுவேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

கன்னலையும்.