மார்ஃபாவில் இரண்டு ராத்திரி தங்கினால் பொழுது போகுமா?

ஆஸ்டின்வாசி:
நவம்பரில் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். வழியில் மார்ஃபா என்ற சின்ன ஊரில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்கிறாள் மனைவி. 2020 கணக்கெடுப்பில் அங்கே மொத்தம் 1,788 பேர்தான், இதில் பிரெசிடியோ கவுண்டிக்கே தலைநகரம் வேறாம்! அப்பா, அம்மா, ஆறு வயதுப் பையனும் வருகிறார்கள். எல்லோரும் சுத்த சைவம். சரிப்பட்டு வருமா?

ரோட்டோரம்:
எந்தக் கிழமை என்று முதலில் பாருங்கள். நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணி நேரம் ஓட்டிக் களைத்துப் போய் இறங்கினால் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது, கையோடு கொண்டுபோன புளியோதரைதான் காப்பாற்றியது. வியாழன் முதல் ஞாயிறு வரை என்றால் ஊருக்கு உயிர் வந்துவிடும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் கிட்டத்தட்ட 4,700 அடி உயரத்தில் இருக்கிறது. 1886இல் கட்டிய கோர்ட் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். உச்சியில் நிற்கும் நீதிதேவதை கையில் தராசு இல்லை. இந்தக் கவுண்டியில் நீதியே இல்லை என்று எவனோ ஒரு கௌபாய் சுட்டுவிட்டான் என்பது ஊர்க்கதை.

பழையகேமரா:
கலைஞர் டொனால்ட் ஜட் கலைப்படைப்பாகச் செய்து வைத்த நூறு அலுமினியப் பெட்டிகளைப் பார்க்க முன்பதிவு செய்துவிடுங்கள். பழைய ராணுவ முகாமின் பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் இருக்கின்றன. வெளி அளவு எல்லாம் ஒன்றுதான், உள்ளமைப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. “எவர்சில்வர் பாத்திரக்கடை மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றார் என் மாமனார். ஆனால் சாயங்கால வெயில் சாய்ந்து அடித்தபோது சில பெட்டிகள் கண்ணாடியா காற்றா என்று தெரியாமல் போக, மனிதர் வாய் திறக்கவில்லை. ஜெர்மானியப் போர்க்கைதிகள் இருந்த இடம் அது. தலையை இழப்பதைவிட அதைப் பயன்படுத்துவது மேல் என்று ஜெர்மனில் எழுதியது இன்னும் சுவரில் இருக்கிறது.

அல்பைன்காரன்:
26 மைல் தள்ளி அல்பைனில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு மார்ஃபா ஜனங்கள் இங்கேதான் வர வேண்டும், பெரியவர்களோடு போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே இருட்டில் தெரிகிறது என்று சொல்லும் மர்ம ஒளியைப் பார்க்க ராத்திரி போவீர்கள், போங்கள், ஆனால் 2004இல் டல்லாஸ் பக்கத்து இயற்பியல் மாணவர்கள் அளந்து பார்த்துவிட்டு, தெரிவது 67ஆம் நெடுஞ்சாலை கார் விளக்குகள் என்றுதான் சொன்னார்கள். என்னைக் கேட்டால் மார்ஃபாவிலேயே இருக்கும் பிளாக்வெல் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை 1965 வரை தனியாக வைத்துப் படிப்பித்த இடம். 1954இல் ஸ்பானிய மொழியையே பிள்ளைகள் கையால் காகிதத்தில் எழுதவைத்து, பெட்டியில் போட்டுக் குழிதோண்டிப் புதைக்கவைத்தார்கள். தமிழ் பேசினால் அபராதம் கட்டிய பள்ளியில் படித்தவன் நான், அங்கே கொஞ்ச நேரம் நகர முடியவில்லை. கலை, கேலரி என்று வெளியூர்க்காரர்கள் வந்து வீடு வாங்க ஆரம்பித்ததில் விலை எங்கேயோ போய்விட்டது, அந்தப் பள்ளியில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த விலைக்கு வாங்குவார்கள்?

ஆஸ்டின்வாசி:
நன்றிங்க எல்லோருக்கும். வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். குக்கரும் வருகிறது. பாத்திரக்கடை என்று சொன்னதும் அம்மா இப்போதே கிளம்பத் தயார்.