சட்டைக் கையில் எழுதிய வரலாறு: பிரிட்டிஷ் காலாட்படைத் துணி பேட்ஜ்களை அடையாளம் கண்ட அனுபவங்கள்

போர்ன்மத்திலிருந்து:

என் கணவர் வீட்டார் இங்கிலாந்துக்காரர்கள். அத்தையின் அப்பா இரண்டாம் உலகப்போரில் காலாட்படையில் இருந்தவர். அவர் நினைவாகக் கூடத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்ட வேண்டும் என்று அத்தைக்கு வெகுநாள் ஆசை. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஒரு தகர டப்பாவில் இரண்டு நட்சத்திரப் பதக்கங்கள், சீருடையிலிருந்து பிரித்தெடுத்த சில துணித் துண்டுகள். அவ்வளவுதான் மிச்சம்.

பதக்கம் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது முதல் உலகப்போருக்குத்தான் பொருந்தும். அந்தப் பதக்கங்களில் எண், பெயர், ரெஜிமென்ட் (வீரர் சேர்ந்த படைப்பிரிவு) எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயரே கிடையாது. அதனால் துணிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

துண்டுகள் மூன்று வகை. வளைந்த சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ‘டார்செட்’, இங்கிலாந்தின் ஒரு மாவட்டப் பெயரில் அமைந்த ரெஜிமென்ட். நீலச் சதுரத்தில் பொன்னிற இறக்கை நாகம் ஒன்று. பிறகு விரல் நீளத்துக்கும் குறைவான சிவப்புப் பட்டைகள் இரண்டு. அந்தப் பட்டைகளை ஏதோ ஓரத்துணி என்று வீட்டில் தூக்கிப் போடப் பார்த்தார்கள். நல்லவேளை, போடவில்லை. முக்கியமான தகவலே அதில்தான் இருந்தது.

போர் உடையின் கையை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். தோளை ஒட்டி ரெஜிமென்ட்டின் பெயர். அதன் கீழே டிவிஷனின், அதாவது பல படைப்பிரிவுகள் சேர்ந்த பெரும்படையின் சின்னம். அதற்கும் கீழே படைவகையைச் சொல்லும் பட்டை, காலாட்படைக்குச் சிவப்பு. இந்தப் பட்டை முறை 1940இல் வந்தது. போரின் தொடக்கத்தில் காக்கித் துணியில் கறுப்பு எழுத்துள்ள பட்டையைத் தோள்வாரில் மாட்டிக்கொள்வார்கள். காலாட்படைக்கு வெள்ளை எழுத்துள்ள சிவப்புப் பெயர்த்துணி 1943இல்தான் பொதுவிதியானது.

பொன்னிற நாகம் 43ஆவது வெசெக்ஸ் டிவிஷனின் சின்னம். ஒரு டிவிஷனில் மூன்று காலாட்படை பிரிகேடுகள் உண்டு. மூத்த பிரிகேடுக்கு ஒரு பட்டை, அடுத்ததற்கு இரண்டு, இளையதற்கு மூன்று. 43இல் இருந்தவை 129, 130, 214. எங்களிடம் இருந்தது இரண்டு பட்டை, ஆகவே 130. அந்த பிரிகேடில் 7ஆவது ஹாம்ப்ஷயர், 4ஆவது டார்செட், 5ஆவது டார்செட் என்று மூன்று பட்டாலியன்கள். பெயர்த்துணி டார்செட் என்பதால் 4 அல்லது 5. இதற்குமேல் துணி எதுவும் சொல்லாது. இரண்டு பட்டாலியன்காரர்களும் ஒரே பேட்ஜைத்தான் தைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஊகம் செய்யக் கை துறுதுறுக்கும். வீட்டில் வழிவழியாக ஒரு பேச்சு இருந்தது: ‘தாத்தா ஆர்னெம் பக்கம் ஆற்றைக் கடந்தவர்’ என்று. 1944 செப்டம்பர் 24 இரவு, நெதர்லாந்தின் ஆர்னெம் அருகே வடகரையில் சிக்கியிருந்த வான்குடைப் படையினருக்கு உதவ ரைன் ஆற்றைப் படகில் கடந்தது 4ஆவது டார்செட். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதிவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. நான் மட்டும் பொறுக்கச் சொன்னேன். இறந்தவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிச்சயமில்லாத ஒன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பணிப்பதிவுக்கு விண்ணப்பித்தோம். இரண்டாம் போர்க்காலப் பதிவுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 2022 முதல் மாற்றி வருகிறார்கள். காத்திருந்து வாங்கினோம். அவர் 5ஆவது டார்செட். அதன்பின் பட்டாலியனின் போர் நாட்குறிப்பைத் தேடினேன். 1944இல் வடமேற்கு ஐரோப்பாவில் போரிட்ட படைகளுக்கு அது காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 171 என்ற கோப்பு வரிசையில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 10, ஹில் 112 என்ற குன்றுக்கான சண்டையில் நார்மண்டியில் இந்த பிரிகேட் பட்ட பாடு ஆர்னெமுக்குச் சற்றும் குறைந்ததல்ல. படித்து முடித்த அத்தை, “இதை ஏன் அப்பா ஒருநாளும் சொல்லவில்லை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். டார்செட்டின் தொப்பிச் சின்னத்தில் ‘பிரைமஸ் இன் இண்டிஸ்’ என்று ஒரு வாசகம், இந்தியாவில் முதல்வர் என்று. அதன் முன்னோடியான 39ஆவது படை 1754இல் மதராசுக்கு வந்தது. இந்தியாவில் கால்வைத்த முதல் பிரிட்டிஷ் அரசப் படை அதுதான். அந்த வருகை நம்மவர்களுக்கு என்ன செய்தது என்பது வேறு கதை. ஆனால் இந்தச் சட்டத்தில் எனக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

ஹாரோவிலிருந்து:

அக்கா, எங்கட மருமகன்ட பூட்டனார் முதலாம் போரில நிண்டவர். படம் ஒண்டுதான் இருக்கு. வலது முன்கையில, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, கூர் மேல பாத்தபடி நாலு ‘வி’ கோடு. அதை ஏதோ பெரிய பதவி எண்டு வீட்டில நினைச்சுக்கொண்டிருந்தினம். பதவிக் கோடு வழக்கமா மேற்கையில, கூர் கீழ பாத்துத்தான் இருக்கும். இது வெளிநாட்டுச் சேவைக்கான கோடு. 1918 தொடக்கத்தில இருந்து போட்டவை. முதல் கோடு வெளிநாடு போன உடன, பிறகு பன்னிரண்டு மாசத்துக்கு ஒண்டு.

1914 முடியிறதுக்கு முதல் போனவைக்கு எல்லாத்துக்கும் கீழ இருக்கிற கோடு சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில நிறம் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பியள். அந்தக் காலத்துப் பிலிம் பலதுக்குச் சிவப்புத் தெரியாது. சிவப்பு கறுப்பாவும் நீலம் வெளிறியும் விழும். படத்தில அந்தக் கீழ்க்கோடு மட்டும் கடுங்கறுப்பு! அப்ப ஆள் 1914இலயே போனவர். இடது முன்கையில நேராக் குத்தின ஒரு சின்னக் கோடும் இருந்தது. அது காயப்பட்டதுக்கு, 1916இல வந்தது.

முதலாம் போர்ப் பணிப்பதிவுகளில பெரும்பகுதி 1940இல லண்டனில விழுந்த குண்டில எரிஞ்சு போச்சு. இவற்றையும் அப்பிடித்தான். பதக்கப் பதிவு அட்டையில 1914 நட்சத்திரம் எண்ட பதக்கம் இருந்தது. படம் சொன்னது சரி.

பர்மிங்ஹாமிலிருந்து:

காலாட்படை என்றாலே சிவப்பு என்று முடித்துவிட வேண்டாம். என் மனைவியின் மாமா தாத்தாவுடைய பெயர்த்துணி கரும்பச்சை, எழுத்து சிவப்பு. அதை ஓர் ஐரிஷ் படை என்று சொல்லி, ‘பொருத்தமான’ மற்ற பேட்ஜ்களையும் விற்கப் பார்த்தார் ஒரு வியாபாரி. அது கிங்ஸ் ராயல் ரைபிள் கோர். ரைபிள் படைகளுக்குப் பட்டையும் கரும்பச்சைதான். சட்டத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று வாங்கி நிரப்பாதீர்கள். இல்லாதது இல்லாமலே இருக்கட்டும்.

மான்செஸ்டரிலிருந்து:

பழந்துணிகளைப் பேணும் வேலை பார்க்கிறேன், அதனால் சட்டம் போடும்முன் சில வார்த்தைகள். துவைக்காதீர்கள், சிவப்புச் சாயம் வெள்ளை எழுத்தில் இறங்கும். பசை வேண்டவே வேண்டாம். அமிலமில்லாத அட்டையில் பருத்தித் துணி போர்த்தி, பழைய தையல் துளைகள் வழியாகவே மெல்லிய நூலால் நான்கைந்து இடத்தில் பிடித்தால் போதும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் காக்கி இழைகளையும் அறுந்த நூலையும் சுத்தம் செய்யாதீர்கள். அது உண்மையாகவே ஒரு சட்டையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. புற ஊதா விளக்கில் பளீரென்று ஒளிர்ந்தால் புது நூலாக இருக்கலாம், ஆனால் போருக்குப் பின் சலவைப்பொடியில் துவைத்த பழைய துணியும் ஒளிரும். அச்சடித்த பேட்ஜ் என்றால் போலி என்று ஒதுக்காதீர்கள்; போர்க்காலச் சிக்கனத்தில் அப்படியும் ஏராளமாகச் செய்தார்கள்.

வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளியளவின் அலகு) மேல் கூடாது, வெயில் படும் சுவரும் வேண்டாம். போர்ன்மத் அக்கா, உங்கள் கூடத்தில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் இடத்தை மாற்றிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் துணிகளை முன்னும் பின்னும் படம் எடுத்து, பணிப்பதிவின் நகலோடு சட்டத்தின் பின்னாலேயே ஒரு உறையில் வைத்துவிடுங்கள்.