டெபியன் 13-க்கு மாறிய பிறகு உள் கணினிகளுக்கு மட்டும் இணையம் இல்லை

கேள்வி:
வணக்கம். கேட்வேயாக (உள் கணினிகளை இணையத்தோடு இணைக்கும் வாயிலாக) ஓடும் லினக்ஸ் சர்வரை டெபியன் 12-இலிருந்து 13-க்கு அப்கிரேடு செய்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. சர்வரிலிருந்து வெளியே பிங் போகிறது, மென்பொருள் நிறுவும் ஆப்ட் வேலை செய்கிறது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணினிகள் எதுவும் வெளியே போவதில்லை. அவற்றுக்கு முகவரி தரும் டிஎன்எஸ்மாஸ்க் வழக்கம்போல் ஐபி கொடுக்கிறது, பெயர்களும் ரிசால்வ் ஆகின்றன. என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் மாஸ்கரேட் விதி (உள் கணினிகளின் பாக்கெட்டுகளைச் சர்வரின் முகவரியில் வெளியே அனுப்புவது) அப்படியே இருக்கிறது. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் 1:
நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். விதியில் பழைய பெயர் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன், இரண்டு கார்டுக்கும் பழைய பெயர்தான். டெபியன் 12-இன் பழைய 6.1 கர்னலில் பூட் செய்தாலும் இதே கதை.

பதில் 2:
அப்படியென்றால் கர்னலை விட்டுவிடுங்கள். இரண்டு கார்டிலும் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, உள்ளேயிருந்து வெளி ஐபி ஒன்றுக்கு பிங் செய்து பாருங்கள். உள் கார்டில் பாக்கெட் வந்து, வெளி கார்டில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் சர்வர் அதை முன்னனுப்பவில்லை. முன்னனுப்புவதை (ஃபார்வர்டிங்) 1 என்றால் அனுமதிக்கும், 0 என்றால் நிறுத்தும் /ப்ராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்ட் என்ன காட்டுகிறது?

கேட்டவர்:
நீங்கள் சொன்னது போலவே உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. அதன் மதிப்பு 0! /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் 1 என்று எப்போதோ எழுதி வைத்ததுதானே? கையால் 1 ஆக்கியதும் எல்லோருக்கும் இணையம் வந்துவிட்டது. ரீபூட் செய்தால் மறுபடி 0.

பதில் 2:
அந்தக் கோப்புதான் காரணம். டெபியன் 13-இல் பூட் ஆகும்போது, சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அதைப் படிப்பதே இல்லை. ரிலீஸ் நோட்ஸில் இருக்கிறது, ஆனால் அதை யார் முழுசாகப் படிக்கிறார்கள்! பழைய வழிகாட்டிகள் எல்லாம் இன்னும் அதே கோப்பைத்தான் காட்டுகின்றன, அதனால் இதில் இன்னும் நிறையப் பேர் மாட்டுவார்கள். /எட்சி/சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றைப் போட்டு அந்த வரியை அங்கே எழுதுங்கள். பெயர் .கான்ஃப் என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் அதையும் கண்டுகொள்ளாது. அப்புறம் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பதில் 3:
ஐபிவி6-க்கும் ஃபார்வர்டிங் வைத்திருந்தால் அந்த வரியையும் சேர்த்துக் கொண்டு போங்கள். ஃபார்வர்டிங் 1 ஆனதும் கர்னல் வெளியிலிருந்து வரும் ரவுட்டர் அறிவிப்பை ஏற்காது. சர்வரின் ஐபிவி6 முகவரி அந்த அறிவிப்பு வழியாகத்தான் வருகிறது என்றால், வெளி கார்டுக்கு அக்செப்ட்_ஆர்ஏ (அந்த அறிவிப்பை ஏற்பதா என்ற அமைப்பு) மதிப்பை 2 என்று வையுங்கள். 1 போதாது.

கேட்டவர்:
எங்களிடம் ஐபிவி4 மட்டும்தான். புதிய கோப்பில் எழுதி ரீபூட் செய்தேன், 1 என்றே நிற்கிறது. ஸ்வாப்பினஸ் (நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு எவ்வளவு தள்ளுவது என்ற அமைப்பு) மதிப்பும் அதே பழைய கோப்பில்தான் இருந்தது, அதுவும் சத்தமில்லாமல் இயல்பு மதிப்பான 60-க்குத் திரும்பியிருக்கிறது. அதையும் மாற்றிவிட்டேன். நன்றி.